மேல் கசத்துத் தண்ணீர்

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள். என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து, இப்போது தேனியிலும் தென்காசியிலும் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களில் சிலருக்காவது அது நினைவிருக்கும். நல்ல மாட்டின் காது வெதுவெதுப்பாக இருக்கும். நம் விரல் பட்டால் சட்டென்று உதறும். சீக்கு வந்த மாட்டின் காது சில்லிட்டிருக்கும். தொட்டால் தொட்டபடி நிற்கும். அந்தக் குளிர்ச்சி வெயிலில் நின்றாலும் விரலை விட்டுப் போகாது.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. சூரியநெல்லிக்கு மேலே ஒரு சிறிய தோட்டம். மலைச்சரிவில் சில லயங்கள், ஒவ்வொன்றிலும் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். முன்னால் ஒரே நீளமான முற்றம். பின்னால் மாட்டுத் தொழுவம். தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பம் ஒரு மாடு வைத்துக்கொள்ளலாம் என்று துரை அனுமதித்திருந்தார். அந்த மாடுகள் எல்லாவற்றையும் மேய்த்து வந்தது என் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி எங்களோடு வந்துவிட்டாள். கொழுந்து பறிக்க அவளுக்குக் கை வரவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. சின்ன வயதில் வண்டிமாடு மிதித்தது. அதனால் மேய்ச்சல் வேலையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு ஒரு உழக்குப் பால் அவளுக்குக் கொடுப்பார்கள். விடிந்ததும் தொழுவத்தில் நுழைந்து ஒவ்வொரு மாடாகக் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போவாள். கூடவே நானும் பிடிப்பேன். லயத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத காலம் அது. நாள் முழுக்க நான் அவள் பின்னால்தான் திரிந்தேன்.

மாடுகள் மத்தியானத்தில் மேல் கசத்தில் தண்ணீர் குடிக்கும். ஓடை பாறைமேல் விழுந்து ஆழமாகத் தேங்கி நிற்கிற இடத்தை நாங்கள் கசம் என்போம். லயத்துக்கும் அதே கசத்துத் தண்ணீர்தான். பிளந்த மூங்கில்களை ஒன்றன் வாயில் ஒன்றாகக் கோத்து, கவட்டைக் கம்புகளில் தாங்கி, முற்றத்துத் தொட்டி வரைக்கும் கொண்டு வந்திருந்தார்கள். அந்த மூங்கிலில் பாசி படிந்திருக்கும். தண்ணீரில் ஒரு பச்சை மணம் வரும். அந்த மணத்தோடு சோற்றைத் தின்றுதான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்.

அந்த வருஷம் தை முடிந்ததும் தோட்டத்துக்குப் புல் மருந்து வந்தது.

அதற்கு முன்னால் களை எடுப்பது பெண்கள் வேலை. குனிந்தபடி களைக்கரண்டியால் கொத்திக்கொண்டே போவார்கள். மருந்து வந்ததும் அதற்கென்று ஆண்களில் சிலரைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்பாவும் அதில் ஒருவர். அவருக்குக் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். முதுகில் மாட்டிக்கொள்ளப் பித்தளைப் பம்பு கொடுத்தார்கள். அம்மா அந்தச் சட்டையை வீட்டுக்குள்ளே தனி ஆணியில் மாட்டி வைத்தாள். அப்பா அந்தப் பம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். மருந்து தெளித்த இடத்தில் புல் இரண்டு மூன்று நாளில் வெந்தது போல் கருகிப் போனதைப் பார்த்து லயமே வாயைப் பிளந்தது.

"இது என்ன மருந்துப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புல்லுக்குச் சீக்கு வர்ற மருந்துளா" என்றார். "மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு கண்டக்டர் சொல்லுதாரு."

கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை. வெளிவேலையை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தரை அங்கே அப்படித்தான் சொல்வோம். நாகர்கோவில்காரர். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டு வருவார். கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார். மருந்தைக் கலப்பதும் பம்பு, டிரம் கழுவுவதும் லயத்துக்குக் கீழேயுள்ள பள்ளத்து ஓடையில்தான் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். அங்கேதான் கழுவுகிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாசி மாதம் ஓடை மெலிந்தது. கசத்துக்கு மேலே, ஓடை திரும்புகிற இடத்தில், பாறைகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததை அப்போதுதான் பார்த்தோம். மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பாறைக்கு ஏறிப் போய் நக்க ஆரம்பித்தன. ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு நக்கின. அத்தைக்குச் சந்தோஷம்.

"பாத்தியாட்டி, உப்பு பூத்திருக்கு. வெயிலுக்குப் பாறை உப்பு கக்கும். மாட்டுக்கு இது மாதிரி நல்லது வேற இல்ல" என்றாள்.

எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. சொரசொரப்பான நாக்குகள் பாறையைத் தேய்க்கிற சத்தம்.

முதலில் விழுந்தது பக்கத்து வீட்டுச் சித்தியின் கறவை மாடு. சித்தி என்றால் சொந்தம் இல்லை, ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்தவள். காலையில் அந்த மாடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. காலால் தன் வயிற்றைத் தானே உதைத்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. பிறகு பீச்சியது, தண்ணீராக, கடைசியில் ரத்தமாக. அத்தை அதன் காதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து சித்தி வந்தபோது அது காலை நீட்டிக் கிடந்தது.

பனிப்புல் தின்ற கோளாறு என்றார்கள். மேற்குச் சரிவுப் புல்லில் ஏதோ பூச்சி இருக்கிறது என்று அத்தை முடிவு செய்தாள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. மாடுகளைக் கசத்தை ஒட்டியே மேய்த்தாள். வாட்டமாகத் தெரிந்த மாடுகளைக் கயிற்றில் பிடித்துக் கொண்டுபோய் அந்த வெள்ளைப் பாறையை நக்க வைத்தாள். உப்பு பட்டால் தீனி எடுக்கும் என்று நம்பினாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. ஒரு வாரத்தில் தொழுவத்தில் பாதி கயிறு வெறுமனே தொங்கியது.

அதன்பிறகு செவலை விழுந்தது. செவலை அத்தையின் சொந்த மாடு. மலையேறி வந்தபோது கன்றாக ஓட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அப்பா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். அத்தை செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அரிசிக் கஞ்சியை கொட்டம் என்கிற மூங்கில் குழாயால் புகட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி கடைவாய் வழியாக வெளியே வந்தது. அப்பா குனிந்து அதன் மூக்கைத் துடைத்தார். மூக்கோரத்து மயிரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்த விரல்களை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"எங்க மேஞ்சுது இது?" என்று கேட்டார்.

"கசத்துகிட்டதான். அங்கன உப்புப் பாறை ஒண்ணு இருக்கு. அதை நக்கிட்டுச் சும்மா நின்னுச்சு."

அப்பா எழுந்து போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. செவலைக்காகத்தான் துக்கப்படுகிறார் என்று அம்மா சொன்னாள்.

மறுநாளிலிருந்து அப்பா ஒரு புதுப்பழக்கம் தொடங்கினார். காலையில் எழுந்ததும் பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கிழக்கு மேட்டு ஊற்றுக்குப் போனார். அது நல்ல தூரம், ஏற்றம் வேறு. கைப்பிள்ளைக்கு ஊற்றுத் தண்ணீர் நல்லது என்று சொன்னார். என் தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. ஆம்பிளை தண்ணீர் சுமக்கிறாரே என்று லயத்துப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்தார்கள். அம்மாவுக்குப் பெருமை. தொட்டித் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும் என்று வீட்டில் வழக்கமாகிவிட்டது.

துரை சொல்லியனுப்பி மூணாறிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். மலையாளி, இளவயசு, கண்ணாடி போட்டவர். செத்துக் கிடந்த ஒரு கிடாரியைச் சரிவுக்குக் கீழே இழுத்துப் போட்டு வயிற்றைக் கீறிப் பார்த்தார். குடலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். குடலின் உள்பக்கம் சுட்டது போலச் சிவந்திருந்ததை நானே பார்த்தேன்.

"இது தீனம் ஒண்ணும் அல்ல" என்றார், கையைக் கழுவிக்கொண்டே. "விஷம். பாஷாணம் போலயுள்ள எதோ உள்ளே போயிட்டுண்டு. என்ன தின்னுது, எவிடெ தின்னுதுன்னு நோக்கணும். கொறச்சு சாம்பிள் கொண்டு போறேன். பதில் வர நாள் ஆகும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் லயத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தது விஷம் என்ற ஒரு சொல் மட்டும்தான். என்ன தின்றது, எங்கே தின்றது என்று அவர் கேட்ட கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்கள்.

மேய்ப்பவள் அத்தை. எந்த மாட்டின் வாயிலும் கையை விடுகிறவள் அத்தை. அந்த மாதம் போடியிலிருந்து தோல் வியாபாரி ஒருவன் மேலே வந்து போயிருந்தான், அவனுக்கு அத்தை மோர் கொடுத்ததை யாரோ பார்த்திருந்தார்கள். தோல் காசுக்காக மாட்டைக் கொன்றாள் என்று சொல்ல அவ்வளவு போதுமானதாக இருந்தது.

"தன் மாட்டையே கொல்லுவாளா?" என்று அம்மா கேட்டாள்.

"சந்தேகம் வரப்படாதுன்னு அதையும் கொன்னிருப்பா" என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி. அதற்கு முந்தின மாதம்வரை எங்கள் அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கிப் போனவள்.

ஒரு சாயங்காலம் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டிப் பேர் வாசிக்கிற இடத்தில், எல்லாரும் கூடினார்கள். கங்காணி நடுவில் நின்றார். அவர்தான் எங்கள் லயத்து ஆட்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்தவர். கண்டக்டர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக நின்றாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன சொல்லுத?" என்று கங்காணி கேட்டார்.

"நான் ஒண்ணும் குடுக்கல. புல்லுல இருக்கும்னு நெனச்சேன். இடம் மாத்தி மேச்சேன். அப்பவும் விழுது. எனக்கு வெளங்கல."

"டாக்டரு வெசம்னு சொல்லுதாரே."

"அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் குடுக்கல."

யாரோ மண்ணை அள்ளி அவள்மேல் எறிந்தார்கள். கங்காணி கையை உயர்த்தி அடக்கினார். மாடுகளை இனி அவள் தொடக்கூடாது, அவரவர் மாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், மாத முடிவில் அவள் மலையிறங்கிப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. கண்டக்டர் தலையாட்டினார்.

அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அத்தை ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் உள்ளங்கைகளில் சிறுசிறு காய்ப்புகள் தடித்திருந்தன. பம்புக் கைப்பிடி உரசி வந்தது என்று சொல்லிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர்மேல் பாய்ந்தாள். "கூடப் பொறந்தவளை மண்ணள்ளி வீசுதாவ, நீங்க மரம் மாதிரி நிக்கிறிய. ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"என்னத்தச் சொல்ல?" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அத்தை அதன்பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். விடிந்ததும் பழக்கத்தில் எழுந்து வாசல்வரை போவாள், நின்று திரும்பி விடுவாள். நான்தான் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். எது நிற்கிறது, எது படுத்திருக்கிறது, எதன் காது எப்படி இருக்கிறது என்று.

அப்படித்தான் ஒருநாள் கங்காணியின் நொண்டிப் பசுவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பசு மழைக்காலத்தில் சரிவில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு தொழுவத்தை விட்டு வெளியே போனதே கிடையாது. வைக்கோலும் தவிடும் அதன் இடத்துக்கே போகும்.

"காது சில்லுனு இருக்கு அத்த. பல்லைக் கடிக்கு" என்றேன்.

அத்தை படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எது? கங்காணி வீட்டு நொண்டியா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். பீச்சுது."

அவள் மெல்ல, எனக்கல்லாமல் தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்: "அது மேயப் போகல. நானும் கிட்டப் போகல. வைக்கோலு கீழேருந்து வந்தது, அதைத் தின்ன மத்த வீட்டுக் கன்னுக நல்லா இருக்கு. அப்ப அதுக்கு வாயில போனது என்ன?"

"தண்ணி" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணிதான்."

அந்த நேரம் சுவருக்கு அந்தப்பக்கம் சித்தியின் சின்ன மகன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு நாளாக அவனுக்கு வயிற்றுப்போக்கு. கோடிவீட்டிலும் ஒரு கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு தவழ்ந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. மூலையில் இருந்த பித்தளைக் குடத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதற்கு எனக்கு அப்போது காரணம் தெரியவில்லை. பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கை சில்லிட்டிருந்தது.

மறுநாள் காலையில் லயத்துப் பெண்கள் குடத்தோடு வந்தபோது தொட்டியில் தண்ணீர் விழவில்லை. மூங்கில் வரிசையைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினார்கள். நானும் ஓடினேன். கசத்தின் வாயில் முதல் மூங்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்து இன்னும் சிலவும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. தண்ணீர் சரிவில் கண்டபடி வழிந்து கொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் அத்தை அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டைக் கொன்னது போதாதுன்னு இப்ப தண்ணியையும் நிறுத்திட்டா" என்று சித்தி கத்தினாள்.

"இந்தத் தண்ணி வேண்டாம். கிழக்கு ஊத்துல எடுத்துக் குடிங்க. ஒம் மகனுக்கும் அதையே குடு" என்றாள் அத்தை.

"ஏன், இதுல என்னத்தக் கலந்த?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. விடியுமுன்பே மருந்து தெளிக்கப் போயிருந்தவர்களைத் தவிர அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. கங்காணி மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் கண்டக்டரும் வந்தார், கையில் பிரம்போடு. மேலே மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஆட்கள் சத்தம் கேட்டு, ஓடை திரும்புகிற இடத்துப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தார்கள். அப்பா அவர்களில் கடைசியாக வந்து, மேலே ஒரு பாறையிலேயே நின்றுவிட்டார்.

"எதுக்கு வெட்டினே?" என்று கண்டக்டர் கேட்டார்.

அத்தை எழுந்து நின்றாள். "ஐயா, கங்காணியய்யா வீட்டு நொண்டிப் பசு சீக்காக் கெடக்கு. அது தொழுவத்தை விட்டு வரல. நான் தொடல, என்னைத் தொட விடல. அது குடிக்கது இந்தத் தண்ணி. நாம குடிக்கதும் இதேதான். மாடு பொறுக்க மாட்டாமச் சாவுது. பின்னால பிள்ளைக சாவும். டாக்டரு பதிலு வர்ற வரைக்குமாச்சும் யாரும் குடிக்கப்படாது. அதுக்குத்தான் வெட்டுனேன். நீங்க வேற என்ன பண்ணினாலும் பண்ணுங்க."

அப்பாவின் பெயரை அவள் எடுக்கவே இல்லை. அவர் இருந்த பக்கம் பார்க்கவும் இல்லை.

கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. கங்காணி தன் பசுவை நினைத்தாரோ என்னவோ, தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். ஆனால் கண்டக்டருக்குக் கோபம் ஏறியது. இது தன் வேலைமேல் வருகிற குற்றச்சாட்டு என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஓடுற தண்ணியில என்ன விஷம் நிக்கும்? படிக்காத ஜனங்களைக் கிளப்பி விடுறியா? இங்க பார்" என்று சொல்லிவிட்டுப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். கசத்து ஓரத்தில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். எல்லாரும் பார்க்கும்படி நிமிர்ந்து வாய்க்குக் கொண்டு போனார்.

அப்போது அப்பா வந்தார். எப்படி வந்தார் என்று தெரியவில்லை, முதுகில் பம்போடு பாறையிலிருந்து குதித்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் கண்டக்டரின் இரண்டு கையிலும் ஓங்கி அடித்தார். தண்ணீர் கண்டக்டரின் முகத்திலும் சட்டையிலும் சிதறியது. தொப்பி கீழே விழுந்தது.

தோட்டத்தில் ஒரு தொழிலாளி உத்தியோகஸ்தர்மேல் கை வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் அப்படியே நின்றது.

"குடிக்காதீங்கய்யா" என்றார் அப்பா. "மொகத்தத் தொடைங்க. வாயில பட விடாதீங்க. ஒரு டிரம்மு ஓட்டையாயிருந்துச்சு. அதுல கெடந்த கெட்டி மருந்து பூரா இன்னைக்குக் காலையில மேல பாறையில கவுத்துட்டேன்."

"மேலயா? பள்ளத்துலல்லா கழுவுதிய?" என்றார் கங்காணி.

"இல்ல. மருந்து வந்ததுல இருந்து இங்கனதான் கழுவுதோம். பள்ளத்துக்கு எறங்கி ஏறினா நேரம் போவுதுன்னு மேலயே கழுவச் சொல்லிட்டாக." யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து தெளிக்கிற மற்ற ஆட்கள் கண்டக்டரைப் பார்த்தார்கள்.

கண்டக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். உதட்டைத் துடைத்தார். பிறகு உதட்டை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மருந்து தண்ணீரில் கலந்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தார் என்று நினைக்கிறேன். நம்பாதவர் அள்ளிக் குடிக்கப் போயிருக்க மாட்டார்.

சித்தி குடத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் ஓடினாள். மற்றப் பெண்களும் ஓடினார்கள். வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் முற்றத்தில் கொட்டுகிற சத்தம் கீழிருந்து வந்தது. அத்தை மட்டும் அதே பாறையில் உட்கார்ந்து அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தியின் மகன் பிழைத்துக்கொண்டான். கோடிவீட்டுக் கிழவர் அந்த மாதமே இறந்தார். வயசாகி இறந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நொண்டிப் பசுவும் போய்விட்டது. டாக்டர் கொண்டுபோனதற்குப் பதில் வந்தது, பாஷாணம் என்று. கிழக்கு ஊற்றிலிருந்து லயத்துக்கு இரும்புக் குழாய் போட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். போடும்போது நாங்கள் அங்கே இல்லை. உத்தரவை மீறி மேலே கழுவியதற்காகவும் உத்தியோகஸ்தரை அடித்ததற்காகவும் அப்பாவின் பேரைத் தோட்டத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். கண்டக்டருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் கிடைத்தது. அத்தையை இருக்கச் சொல்லிக் கங்காணி வந்து கேட்டார். மண்ணள்ளி எறிந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சித்தி ஒரு கூடை நிறையச் சாணி எடுத்து வந்து, யாரும் கேட்காமலே எங்கள் வீட்டுத் தரையை மெழுகிவிட்டுப் போனாள். காலி செய்கிற வீட்டை எதற்கு மெழுகுகிறாள் என்று நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா ஈரம் காயும்வரை தம்பியைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

போடி மெட்டு வழியாக நடந்து இறங்கினோம். அப்பா தலையில் டிரங்குப் பெட்டி. அம்மா இடுப்பில் தம்பி. அத்தை ஒரு சாக்குமூட்டையோடு முன்னால் போனாள். கசத்தில் நடந்ததிலிருந்து அவளும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. மலை பாதி இறங்கினபிறகு, ஒரு வளைவில், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

அப்பா நின்றுவிட்டார்.

"செவலை விழுந்த அன்னைக்கு" என்றார்.

அத்தை தலையை ஆட்டினாள். பெரட்டுக் களம் அதற்குப் பிறகுதான் என்பதை அவள் எண்ணிப் பார்த்திருப்பாள். கிழக்கு ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம் மட்டும் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த நாட்களையும் எண்ணியிருப்பாள். பதினாறு பதினேழு வீட்டுப் பிள்ளைகள் அந்த நாட்களில் தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரியவளாகி, எனக்கென்று பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அந்தக் கணக்கு எனக்கு வந்தது. அப்பா நல்லவர். அப்போதும் நல்லவர்தான். கொடுத்தவர்கள் அந்தச் சட்டையையும் வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தார். அவ்வளவு சின்னப் பயம் எத்தனை பெரிய இடத்தில் போய் நின்றது என்று, அவர் இறந்து இத்தனை வருஷம் கழித்தும், எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

வெயில் ஏறிவிட்டது. பாதையோரத்தில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்து ஒரு குழியில் நிறைந்திருந்தது. தம்பி தாகத்தில் அழுதான். அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தார். குழியருகே போய்க் குனிந்தவர், அள்ளாமல் அப்படியே நின்றார். திரும்பி அத்தையைப் பார்த்தார்.

அத்தை மூட்டையை இறக்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் வருகிற பக்கமாகப் பாறையைப் பிடித்து ஏறினாள். புதருக்குள் மறைந்துவிட்டாள். நாங்கள் கீழே காத்திருந்தோம். தம்பி அழுதுகொண்டே இருந்தான், அம்மா அவன் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் அந்தக் குழியைத் தொடவில்லை. அப்பா வெறும் சொம்போடு வெயிலில் நின்றார்.

அவள் வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். கையெல்லாம் முள் கீறியிருந்தது. முகம் நனைந்திருந்தது.

"மேல ஒண்ணுமில்ல. பாறைதான். குடிக்கலாம்" என்றாள்.

அப்பா கையிலிருந்த சொம்பை அவளே வாங்கினாள். அள்ளித் தம்பிக்குப் புகட்டினாள். அம்மாவுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தாள். தானும் குடித்தாள். மறுபடி ஒருமுறை சொம்பை நிறைத்து, அப்பாவின் பக்கம் நீட்டாமல், என் கையில் வைத்தாள்.

"ஒங்கப்பனுக்குக் குடு" என்றாள்.